பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

குளூட்டன் இல்லாத காய்கறிப் பலகாரங்களை வீட்டிலேயே செய்யலாம்

ஜொகூர் பாருவில் ஒரு பெரிய பேரங்காடிக்குப் போய்க் குளூட்டன் இல்லாத தின்பண்டம் எங்கே என்று கேட்டால், இறக்குமதிப் பொருள்கள் அடுக்கிய ஒரு தட்டைக் காட்டுவார்கள். பிஸ்கட், ரொட்டி, பாஸ்தா எல்லாம் இருக்கும். விலையைப் பார்த்தால் மாணவர்களின் கைக்கு எட்டாது. அதே கேள்வியைக் குளுவாங் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் லாயாங் லாயாங்கில் ஒரு மளிகைக் கடையில் கேட்டுப் பாருங்கள். "அது என்னம்மா சாமான்?" என்றுதான் கடைக்காரர் திருப்பிக் கேட்பார்.

லாயாங் லாயாங் சிறிய பட்டணம். ஒரு ரயில் நிலையம், கொஞ்சம் கடைவீடுகள், சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரக் காடு, இப்போது செம்பனை. ஆனால், அந்த மளிகைக் கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? பச்சரிசி, உளுந்து, கடலைப் பருப்பு, சவ்வரிசி. வாசலில் மரவள்ளிக்கிழங்கு, வாழைக்காய், முட்டைக்கோஸ், கட்டுக்கட்டாக முருங்கைக்கீரை. இவை ஒன்றில்கூட இயற்கையாகக் குளூட்டன் கிடையாது. பெயர்தான் அவருக்குப் புதிது, பொருள் பழையதுதான்.

அப்படியானால் நம் வீட்டு வடையும் பக்கோடாவும் குளூட்டன் இல்லாதவை என்று சொல்லிவிடலாமா? பெரும்பாலும் சொல்லலாம். ஆனால் அந்த நோய் உள்ள ஒருவருக்குப் 'பெரும்பாலும்' என்பது போதாது. ஏன் போதாது, அதை எப்படி முழுமையாக்குவது, அதற்கு என்னென்ன பலகாரங்கள் செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

குளூட்டன் என்றால் என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதங்களின் தொகுதிதான் குளூட்டன். தமிழில் பசையம் என்று சொல்வார்கள். கோதுமை மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசையும்போது கிளையடின், குளூட்டெனின் என்ற இரண்டு வகைப் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலைபோல ஆகிவிடுகின்றன. ரொட்டி சானாய் போடுபவர் மாவை வீசி வீசிக் கண்ணாடிபோல மெல்லிதாக்கியும் அது கிழியாமல் இருப்பதற்கு இந்த வலைதான் காரணம். ரொட்டி உப்புவதும், மீ அறுந்துபோகாமல் இருப்பதும் அதனால்தான்.

செலியாக் நோய் உள்ளவர்களின் உடல் இந்தப் புரதத்தை எதிரியாக எடுத்துக்கொள்கிறது. அவர்கள் கோதுமை சாப்பிடும்போது, உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சுவதற்காக விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் சத்து உடலில் சேராது. வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், எடைக் குறைவு மட்டுமல்லாமல் இரும்புச் சத்துக் குறைவு, ஓயாத களைப்பு, பிள்ளைகளுக்கு வளர்ச்சி தடைபடுவது என்று இதன் அடையாளங்கள் பலவிதம். சிலருக்கு வயிற்றில் எந்தத் தொல்லையுமே இருக்காது. இரத்தச் சோகைக்கு மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லையே என்று தேடிப் போகும்போதுதான் தெரிய வரும்.

இது வெள்ளைக்காரர்களின் நோய், அரிசி சாப்பிடும் நமக்கு வராது என்ற எண்ணம் இங்கே பரவலாக உண்டு. 2015-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு வெளிவந்தது. பல இனங்களைச் சேர்ந்த, ஆரோக்கியமாக இருந்த 562 மலேசிய இளைஞர்களின் இரத்தத்தைச் சோதித்ததில், செலியாக் நோய்க்கு உரிய எதிர்ப்பொருள்கள் 1.25 விழுக்காட்டினருக்கு, அதாவது 7 பேருக்கு இருந்தன. எதிர்ப்பொருள் இருந்தால் நோய் உறுதி என்று சொல்ல முடியாது. அதற்கு மேலும் சோதனைகள் தேவை. ஆனாலும் நம் நாட்டுக்கே சம்பந்தமில்லாத நோய் என்று தள்ளிவிட முடியாது என்பதை இந்த எண் காட்டுகிறது. சோதிக்கப்பட்டவர்கள் நம் வயதுக்காரர்கள் என்பதையும் கவனியுங்கள்.

ரொட்டி இல்லாத குளிர்காலம்

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பு எப்படித் தெரிய வந்தது என்பது ஒரு போர்க்காலக் கதை. 1888-இல் இங்கிலாந்தில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் இந்நோயை விவரித்து, உணவை மாற்றினால்தான் குணம் கிடைக்கும் என்று எழுதினார். எந்த உணவு என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. நெதர்லாந்தில் வில்லம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்குக் கோதுமையின் மேல் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்கீழ் அந்த நாட்டில் கடும் பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே மெலிந்துபோன நேரத்தில், செலியாக் நோயுள்ள குழந்தைகளின் உடல்நிலை தேறியது. போர் முடிந்து ரொட்டி திரும்ப வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்பியது. டிக்கே தொடர்ந்து ஆராய்ந்து 1950-இல் தம் ஆய்வேட்டில் கோதுமையின் பங்கை விளக்கினார்.

கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில், 1942 முதல் 1945 வரை, மலாயா ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. இங்கே அரிசிக்குப் பஞ்சம். தோட்டத்து லயங்களிலும் கம்பங்களிலும் மரவள்ளிக்கிழங்குதான் பல குடும்பங்களின் உயிரைக் காப்பாற்றியது. அந்தக் காலத்தைக் கண்ட பெரியவர்கள் சிலருக்கு மரவள்ளிக்கிழங்கைக் கண்டாலே பிடிக்காது. சிலருக்கு அது இல்லாமல் மாலைத் தேநீர் இறங்காது. எப்படியோ, கோதுமை இல்லாமல் ஒரு பலகாரம் செய்ய வேண்டும் என்றால் இன்றும் நம் கைக்கு முதலில் கிடைப்பது இந்தக் கிழங்குதான்.

வலை இல்லாமல் ஒட்டுவது எப்படி?

குளூட்டன் இல்லாத மாவைப் பிசைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது உதிரும். பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்த அரிசி மாவு ஈர மணல் மாதிரிதான் இருக்கும். கைபிடித்து உருட்டினால் விரிசல் விடும். மேல்நாட்டுச் சமையல்காரர்கள் இந்தக் குறையைச் சரிக்கட்ட விதவிதமான பசைப் பொடிகளைச் சேர்க்கிறார்கள். நம் பாட்டிமார்கள் கடையில் எதையும் வாங்காமலே இதற்கு மூன்று வழி வைத்திருந்தார்கள்.

முதல் வழி கொதிநீர். கொழுக்கட்டைக்கு மாவு பிசையும்போது தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும் என்று அம்மா வற்புறுத்துவது வெறும் பழக்கமல்ல. அரிசியின் மாவுச்சத்து ஏறத்தாழ 70 பாகை செல்சியஸுக்கு மேல் தண்ணீரை இழுத்துப் பருத்துக் கூழாகிறது. அந்தக் கூழே பசையாகி மற்ற மாவைப் பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது வழி உளுந்து. ஊறவைத்து அரைத்த உளுந்தில் வழவழப்பான ஒரு கூட்டுச் சர்க்கரையும் புரதமும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து காற்றுக் குமிழிகளைச் சிறைப்பிடிக்கின்றன. மெதுவடைக்கு அரைத்த மாவில் ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும் என்பார்கள். காற்று போதிய அளவு உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது.

மூன்றாவது வழி காய்கறியின் சொந்த நீர். வெங்காயத்திலும் முட்டைக்கோஸிலும் உப்பைப் பிசறிப் பத்து நிமிடம் வைத்தால் தண்ணீர் விடும். அறிவியல் பாடத்தில் சவ்வூடு பரவல் என்று படித்தோமே, அதுதான். அந்த நீரே கடலை மாவைப் பிணைக்கப் போதும். தண்ணீர் தனியாக ஊற்றினால் மாவு தளர்ந்துவிடும், பக்கோடா எண்ணெய் குடிக்கும்.

வீட்டில் செய்யக்கூடிய நான்கு பலகாரங்கள்

மரவள்ளிக்கிழங்கு வடை

அரை கிலோ மரவள்ளிக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள பழுப்புத் தோலை மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள தடித்த உள்தோலையும் சேர்த்து உரித்துவிட வேண்டும். துண்டாக்கி, நிறைய தண்ணீரில், மூடாமல் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மரவள்ளியில் சயனைடை உண்டாக்கும் பொருள் இயற்கையாகவே இருக்கிறது. தோலுரித்து வேகவைத்துத் தண்ணீரை இறுத்துவிடும்போது அது குறைந்துவிடும். பச்சையாக ஒருபோதும் சாப்பிடக் கூடாது. கசக்கும் கிழங்கை வேண்டாம் என்று ஒதுக்கிவிடுங்கள்.

வெந்த கிழங்கை நடு நரம்பை எடுத்துவிட்டுச் சூட்டோடு மசித்து, நான்கு மேசைக்கரண்டி அரிசி மாவு, பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி சீரகம், உப்பு சேர்த்துப் பிசையுங்கள். ஒரு கைப்பிடி துருவிய கேரட் சேர்த்தால் நிறமும் வரும். எண்ணெய் தொட்ட உள்ளங்கையில் தட்டிப் பொரித்தெடுக்கலாம். எண்ணெயை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் தோசைக்கல்லில் இருபுறமும் சிவக்கச் சுட்டெடுக்கலாம்.

முட்டைக்கோஸ் பக்கோடா

கால் கிலோ முட்டைக்கோஸை மெல்லிய நீளத் துண்டுகளாக நறுக்கி, ஒரு பெரிய வெங்காயத்தையும் அப்படியே நறுக்கிச் சேர்த்து, முக்கால் தேக்கரண்டி உப்பைப் போட்டுப் பிசறிப் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு 100 கிராம் கடலை மாவு, மூன்று மேசைக்கரண்டி அரிசி மாவு, மிளகாய்த்தூள், இடித்த சோம்பு, கறிவேப்பிலை சேர்த்துக் கையால் கிளறுங்கள். மாவு காயைப் போர்த்தினால் போதும், காயை மூழ்கடிக்கக் கூடாது. ஒரு சிட்டிகை மாவை எண்ணெயில் போட்டால் உடனே நுரைத்து மேலே வரவேண்டும், கருகக் கூடாது. அதுதான் சரியான சூடு. மொறுமொறுப்பைக் கொடுப்பது அரிசி மாவு. கடைகளில் சிலர் இதற்காக மைதா சேர்ப்பதுண்டு, நமக்கு அது தேவையில்லை.

முருங்கைக்கீரை அடை

இட்லி அரிசி ஒரு கப், கடலைப் பருப்பு அரை கப், துவரம் பருப்பு அரை கப், உளுந்து இரண்டு மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் காய்ந்த மிளகாய் ஐந்தோடு மூன்று மணி நேரம் ஊறவைத்து, கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். புளிக்க வைக்க வேண்டியதில்லை. உருவிய முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி, நறுக்கிய சின்ன வெங்காயம், உப்பு சேர்த்துக் கல்லில் கொஞ்சம் கனமாக வார்த்து, நடுவில் ஒரு துளையிட்டு எண்ணெய் விட்டு மூடிவையுங்கள். அரிசி, பருப்பு, கீரை மூன்றும் ஒன்றாக இருப்பதால் இந்த நான்கில் வயிற்றையும் சத்தையும் ஒருசேர நிரப்புவது இதுதான். சுட்டு ஆறவைத்துக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துக்கொண்டால், வார இறுதியில் வீட்டுக்கு வந்து விடுதிக்குத் திரும்பும் மாணவர்களுக்கும் உதவும்.

காய்கறிக் கொழுக்கட்டை

ஒன்றேகால் கப் தண்ணீரைக் கொஞ்சம் உப்பும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். கொதி வந்ததும் ஒரு கப் அரிசி மாவைக் கொட்டிக் கிளறி, அடுப்பை அணைத்து மூடிவையுங்கள். இன்னொரு சட்டியில் கடுகு, உளுந்து, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, துருவிய கேரட் அரை கப், மிகப் பொடியாக நறுக்கிய பீன்ஸ் கால் கப் போட்டு வதக்கி, தேங்காய்த் துருவல் சேர்த்து மாவோடு பிசையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் பிடித்து, இட்லித் தட்டில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் அவித்தெடுங்கள். ஒரு சொட்டு எண்ணெயில்கூடப் பொரிக்காத பலகாரம் இது. நீராவித் தட்டுள்ள மின்சாரச் சோற்றுப் பானையிலேயே அவித்துவிடலாம்.

கோதுமை ஒளிந்திருக்கும் இடங்கள்

நான்கு பலகாரத்திலும் கோதுமை இல்லை. ஆனால், இந்த நான்கில் எதிலும் பெருங்காயம் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பக்கோடாவுக்கும் அடைக்கும் நம் வீடுகளில் வழக்கமாகப் பெருங்காயம் போடுவோம். பெருங்காயம் ஒருவகைச் செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். அதைத் தனியாகப் பயன்படுத்தினால் வாடை தாங்காது. அதனால் மாவோடு கலந்து கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை மாவு. சிலவற்றில் அரிசி மாவு. டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படித்தால்தான் எது என்று தெரியும். சாம்பார்ப் பொடியிலும் இட்லிப் பொடியிலும் பெருங்காயம் இருக்கும் என்பதால் அவற்றுக்கும் இதே சோதனைதான்.

ஒரு சிட்டிகையில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் என்ற அனைத்துலக அமைப்பு, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்லக் கூடாது என்கிறது. ஒரு தேக்கரண்டி கோதுமை மாவு ஏறத்தாழ 3 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்துக்கொண்டால் 300 மில்லிகிராம். 300-ஐ 20-ஆல் வகுத்தால் 15. அதாவது ஒரே ஒரு தேக்கரண்டி கோதுமை மாவு கலந்தால், 15 கிலோ பலகாரத்தை அந்த எல்லைவரை கொண்டுபோய்விடும். வீட்டில் நாம் செய்வது ஒரு கிலோகூட இருக்காது.

அதனால் இன்னும் சில இடங்களையும் பார்க்க வேண்டும்.

எண்ணெய்: பூரியோ மைதா போண்டாவோ பொரித்த எண்ணெயில் மாவுத் துகள்கள் கிடக்கும். சூட்டில் குளூட்டன் அழிந்துவிடாது. அதே எண்ணெயில் உளுந்து வடை போட்டால் வடையிலும் ஒட்டும். புது எண்ணெய், கழுவிய சட்டி இரண்டும் வேண்டும். பசார் மாலாமில் வாங்கும் உளுந்து வடையை நம்ப முடியாததும் இதனால்தான்.

மாவு மில்: முன்னால் வந்தவர் கோதுமை அரைத்துவிட்டுப் போன இயந்திரத்தில் நம் அரிசியை அரைத்தால், முதலில் விழும் மாவு கலப்பு மாவுதான். அரிசியைக் கழுவி உலர்த்தி வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்வது பாதுகாப்பு. சலிக்கும் சல்லடையும் கோதுமை மாவு படாததாக இருக்க வேண்டும்.

ரவை: பார்க்க அரிசிக் குருணைபோல இருந்தாலும் சாதாரண ரவை கோதுமைதான். மொறுமொறுப்புக்காக வடை மாவில் ஒரு கை ரவை தூவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு.

தொட்டுக்கொள்ள: பக்கோடாவுக்குத் தேங்காய்ச் சட்னி என்றால் கவலையில்லை. கிச்சாப் என்றால் கவனம் தேவை. சோயாக் கிச்சாப் பெரும்பாலும் கோதுமை சேர்த்துத்தான் புளிக்க வைக்கப்படுகிறது.

குடிக்க: பலகாரத்தோடு வரும் மைலோ, ஹார்லிக்ஸ் போன்ற பானங்களில் மால்ட் உண்டு. மால்ட் பார்லியிலிருந்து வருவது. தேநீர் போதும்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாத ஒன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் குளூட்டினஸ் ரைஸ் என்று எழுதியிருக்கும் புளூட் அரிசியில் குளூட்டன் கிடையாது. அது ஒட்டுவதற்குக் காரணம் அதன் மாவுச்சத்து. பெயர் ஒற்றுமை மட்டும்தான்.

நம் வீட்டில் லேபல் படிப்பவர் யார்?

மலேசியாவின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, குளூட்டன் உள்ள தானியம் ஒரு பொட்டல உணவில் சேர்ந்திருந்தால் அதை லேபலில் குறிப்பிட வேண்டும். ஆகவே தகவல் பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கிறது. ஆனால் அது பொடி எழுத்தில், மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். கந்தும் என்றால் கோதுமை. தெப்போங் கந்தும் என்றால் கோதுமை மாவு. தெப்போங் பெராஸ் அரிசி மாவு, தெப்போங் உபி காயு மரவள்ளி மாவு. பார்லி, ரை இரண்டும் ஏறக்குறைய அதே பெயரில்தான் இருக்கும். காஞ்ஜி என்று இருந்தால் மாவுச்சத்து. நம் கஞ்சிதான் மலாய்க்குப் போய் அப்படி ஆனது. ஆனால் எதன் காஞ்ஜி என்று பக்கத்துச் சொல்லையும் படிக்க வேண்டும். ஓட்ஸில் இயற்கையாகக் கோதுமைக் குளூட்டன் இல்லை என்றாலும், வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடுவது சகஜம். குளூட்டன் இல்லாதது என்று தனியாக அச்சிட்டிருந்தால் தவிர வேண்டாம்.

தோட்டத்தில் வாழ்க்கையைக் கழித்த பாட்டிக்கு எந்தக் கடலை மாவு நல்லது என்று விரலால் தொட்டாலே தெரியும். ஆனால் பொட்டலத்தின் பின்பக்கத்தில் அச்சாகியிருப்பதைப் படித்துச் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும். மூன்று மொழி படிக்கும் நாம் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளலாம். சமையலைப் பாட்டியிடம் கற்றுக்கொள்வோம், லேபலை நாம் படித்துக் காட்டுவோம்.

"கொஞ்சம் சாப்பிட்டால் என்ன?"

நம் பழக்கத்தில் விருந்தாளி 'வேண்டாம்' என்றால் அது வெட்கம் என்றுதான் எடுத்துக்கொள்வோம். இன்னொரு தடவை வற்புறுத்துவோம். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் தட்டை எடுக்காத பிள்ளையைப் பார்த்து, "டயட்டா? ஒரு நாளைக்குத்தானே, ஒன்று எடுத்துக்கோ" என்று அத்தை சொல்லுவார். அன்புதான். ஆனால் செலியாக் நோய்க்கு இன்றைக்கு இருக்கும் ஒரே சிகிச்சை, வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவது. பண்டிகைக்கு விடுமுறை கிடையாது. அந்தப் பிள்ளை சாப்பிட்டாலும் கெடுதல், சாப்பிடாவிட்டால் 'பெருமை பிடித்தது' என்ற பேச்சு. இரண்டுக்கும் நடுவில் அது தனியாக உட்கார்ந்திருக்கும்.

அந்தத் தனிமையை நீக்குவதற்கு விலை உயர்ந்த இறக்குமதி பிஸ்கட் தேவையில்லை. அரிசி மாவில், புது எண்ணெயில், பெருங்காயம் பார்த்துப் போட்ட ஒரு தட்டு வடையைத் தனிக் கரண்டியோடு மேசையின் ஒரு பக்கம் முதலிலேயே எடுத்து வைத்தால் போதும். எல்லாரும் சாப்பிடும் அதே வடையை அவரும் சாப்பிடலாம். குளூட்டன் இல்லாத கேக் செய்யத் தடுமாறும் நாடுகளைவிட இந்த விஷயத்தில் நமக்கு வேலை சுலபம். நம் பலகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, அதைச் சுத்தமாகச் செய்தால் போதும்.

எல்லாரும் கோதுமையை விட வேண்டுமா?

வேண்டியதில்லை. செலியாக் நோய், கோதுமை ஒவ்வாமை, கோதுமை சாப்பிட்டால் வரும் வேறு உபாதைகள் ஆகியவை இல்லாதவர்களுக்குச் சப்பாத்தி மலிவான நல்ல உணவு. குளூட்டன் இல்லாதது என்பதற்காகவே ஒன்று ஆரோக்கியமானதாகிவிடாது. எண்ணெயில் பொரித்த பக்கோடா எண்ணெயில் பொரித்த பக்கோடாதான். மரவள்ளிக்கிழங்கில் பெரும்பகுதி மாவுச்சத்துதான். அதனால்தான் பருப்பும் கீரையும் உள்ள அடையையும், அவித்த கொழுக்கட்டையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தனக்குச் செலியாக் நோய் இருக்குமோ என்று சந்தேகப்படுபவர்கள், டிக்டாக்கைப் பார்த்துவிட்டு உடனே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. முதலில் இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் சிறுகுடலில் இருந்து துளித் திசு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை. இரண்டும் சரியான முடிவைக் காட்ட வேண்டுமானால், சோதனை நடக்கும்வரை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள்கள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும். அடிக்கடி வயிற்றுப்போக்கு, காரணம் தெரியாத இரத்தச் சோகை, எடைக் குறைவு இருப்பவர்கள் அரசாங்கக் கிளினிக்கிலோ பல்கலைக்கழகச் சுகாதார மையத்திலோ மருத்துவரைப் பாருங்கள். பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்காவது இந்நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நெருங்கிய இரத்த உறவுகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை செய்யுங்கள், மாணவர்களே. உங்கள் வீட்டு அடுப்படிக்குப் போய்ப் பெருங்காயம், கடலை மாவு, சாம்பார்ப் பொடி, கிச்சாப் நான்கையும் எடுத்துத் திருப்பி, கந்தும் என்ற சொல் எதில் இருக்கிறது என்று பாருங்கள். பார்த்ததை அம்மாவிடம் சொல்லுங்கள். பிறகு இந்த நான்கில் ஒரு பலகாரத்தை அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். உங்கள் வகுப்பில் தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், அவரைக் கூப்பிட்டு, என்னென்ன போட்டோம் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு தட்டை நீட்டுங்கள்.